வாரண்ட் வந்தால் ஓடலாமா?



பழி வந்தால் மனிதனைக் காப்பது உறவா, சட்டமா என்பது தலைப்பு. எதிரணி நண்பர் உறவுதான் என்று உருகி உருகிப் பேசிவிட்டுப் போனார். நான் கேட்கிறேன், திருட்டுப் பழி சுமத்தி ஒருத்தர் பேரிலே வாரண்ட் வந்தால் உறவு முதலில் என்னங்க சொல்லும்? "மாப்ளே, நாலு நாள் எங்க ஊர்ப் பக்கம் வந்து இரு!" (சிரிப்பு)

திருவண்ணாமலையிலே கிரிவலம் போயிருப்பீர்கள். 14 கிலோமீட்டர். அந்தப் பாதையிலே அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில் இருக்கிறது. திருவெம்பாவை பிறந்த இடம் என்பது மரபு. கும்பிட்டுவிட்டு நடந்துவிடுகிறோம். அரசுப் பணத்தைக் கையாடியதாகச் சிறைப்பட்டவர் அவர் என்று நினைக்கிறோமா?

பாண்டியனுக்கு அமைச்சர் அவர். குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைத் திருப்பெருந்துறையிலே சிவப்பணிக்குச் செலவு செய்துவிட்டார். ராஜா ஓலை அனுப்பினான். ஓடினாரா? இல்லை, மதுரைக்கே திரும்பி வந்தார். நரி பரியாச்சு, பரி மறுபடி நரியாச்சு. உடனே வைகை மணலிலே, சுடுவெயிலிலே நிறுத்தினார்கள். விசாரணை முடியும் முன்பே தண்டனை!

அதே மதுரையிலே கோவலன். உண்மையில் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லை நம்பி, பிடித்துக் கொல்லச் சொல்லிவிட்டான் அரசன். தன் சிலம்பிலே மாணிக்கம் என்று கண்ணகி உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்பிலே முத்து. எவ்வளவு எளிய சாட்சி! "கண்ணகி உறவுதானே?" என்பார் எதிரணி நண்பர். ஆமாங்க, உறவு வந்து பேசியது. உயிர் போன பிறகு! (கைதட்டல்)

இன்றைக்குச் சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவைப் பாருங்கள். வாரண்ட் எழுத்திலே இருக்க வேண்டும். நீதிபதி கையெழுத்தும் கோர்ட்டு முத்திரையும் வேண்டும். அதிலே என்ன இருக்கிறது என்று போலீஸ்காரர் சொல்ல வேண்டும். கேட்டால் காட்ட வேண்டும். ஜாமீன் கொடுக்கலாம் என்று அதிலேயே எழுதியிருந்தால், ஜாமீனை வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டும். இல்லையென்றால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் கோர்ட்டிலே நிறுத்த வேண்டும். வக்கீலைக் கலந்துகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு தருகிறது. கையிலே காசில்லையா? 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சட்டப் பணிகள் ஆணைக்குழு, காவலில் உள்ளவருக்கு இலவசமாக வக்கீல் தரும்.

பல நேரம் வாரண்ட் ஏன் வருகிறது தெரியுமா? வாய்தாவுக்குப் போகாததால்! அப்போது வக்கீலோடு தானே கோர்ட்டுக்குப் போய், வாரண்டை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம். மாமா வீட்டிலே ஒளிந்தால்? தலைமறைவு என்று கோர்ட்டு அறிவிக்கும். சொத்தையும் ஜப்தி செய்யலாம். செய்யாத திருட்டுக்கு வீட்டை இழப்பதா?

வாரண்ட் தீர்ப்பு இல்லீங்க. "வந்து உன் பக்கத்தைச் சொல்லு" என்கிற உத்தரவு. அந்த 24 மணி நேரமும் ஒரு வக்கீலும் கோவலனுக்குக் கிடைத்திருந்தால், மதுரை எரிந்திருக்காது. ஆகவே பழி வந்தபோது காப்பது சட்டமே, சட்டமே என்று சொல்லி அமர்கிறேன்.