மருத்துவ இடமும் மருத்துவமனைப் படுக்கையும்: கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு பார்வை

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்து வைக்கப்பட்டன. அவற்றால் கிடைத்த 1,450 எம்.பி.பி.எஸ். இடங்களுள் 100 இடங்கள் திருவள்ளூர் கல்லூரிக்கு உரியவை. 2011 கணக்கெடுப்பின்படி 37 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் இம்மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் பட்டியல் சாதியினர். நாடாளுமன்றத் தொகுதியும் தனித்தொகுதியே.

கல்லூரி வந்ததை வரவேற்கிறோம். ஆனால் ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டியிலிருந்து பார்க்கும்போது வேறொரு கணக்குத் தெரிகிறது. கும்மிடிப்பூண்டி ரயில் பாதையும் திருவள்ளூர் ரயில் பாதையும் சென்னை பேசின் பிரிட்ஜில்தான் சந்திக்கின்றன. தம் மாவட்டத் தலைநகரின் மருத்துவமனைக்கு ரயிலில் செல்ல விரும்புவோர் சென்னைவரை வந்து திரும்ப வேண்டும். அதைவிட ஸ்டான்லி மருத்துவமனையே அவர்களுக்கு எளிது. கல்லூரி எங்கே அமைகிறது, அதில் யார் பயில்கிறார், பயின்றவர் எங்கே பணிபுரிகிறார் ஆகிய மூன்றையும் அரசியலே தீர்மானிக்கிறது. மருத்துவக் கல்வியையும் நோயாளியின் நிலையையும் தனித்தனியாகப் பேசுவதில் பொருளில்லை என்று நாம் கருதுவது இதனால்தான்.

குடியரசு இந்தியாவில் இடஒதுக்கீட்டின் மீதான முதல் பெரும் வழக்கே மருத்துவக் கல்லூரி இடம் பற்றியது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை ஒவ்வொரு 14 இடங்களிலும் 2 இடங்களைத் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கியிருந்தது. 1951 ஏப்ரல் 9 அன்று செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாதென அறிவித்தது. (வழக்குத் தொடுத்தவர் அக்கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பதை அத்தீர்ப்பே பதிவு செய்கிறது!) அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்ததும், 15(4) உறுப்பு பிறந்ததும் இதன் பின்விளைவுகள்.

நீட் விவகாரத்தின் முடிச்சு வேறிடத்தில் உள்ளது. 1976இன் 42ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. அதன்பின், ஒன்றியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டம் 254(2) உறுப்பின்கீழ் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால்தான் நிற்கும். 2006ஆம் ஆண்டு நுழைவுத் தேர்வு ஒழிப்புச் சட்டம் அவ்வொப்புதலைப் பெற்று நடைமுறைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டுகள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே மருத்துவ இடத்தை முடிவு செய்தது. 2017இல் சட்டமன்றம் நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. அவ்வாண்டு 1,200க்கு 1,176 மதிப்பெண் பெற்ற அரியலூர் மாவட்டத்துத் தலித் மாணவி அனிதா, நீட் எதிர்ப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம்வரை சென்றும் பயனின்றி, செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக் கொண்டார். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு அறிக்கையின் அடிப்படையில் 2021 செப்டம்பரில் நிறைவேறிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரி 8 அன்று சட்டமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் அதை நிராகரித்துவிட்டார் என்ற செய்தியை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார்.

இவ்விழுபறிக்கிடையே கிடைத்த உறுதியான பயன் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்க்கு உரியது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அடங்கும். நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைத்ததோ 10 விழுக்காடு. 2020 செப்டம்பரில் நிறைவேறிய அம்மசோதாவும் ஆளுநர் மாளிகையில் காத்துக் கிடந்தது. அக்டோபர் 29 அன்று 162ஆம் உறுப்பின்கீழ் மாநில அரசு நேரடியாக ஆணை பிறப்பித்தது. மறுநாளே ஆளுநரின் ஒப்புதல் வந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இவ்வொதுக்கீட்டை உறுதி செய்தது. நீட் தேர்வில் தகுதி பெற்றவரே இதிலும் நுழைய முடியும் என்பதை மறக்கலாகாது.

எம்.பி.பி.எஸ். முடித்தவர் கிராமத்துக்கு வருவது எதனால்? சேவை மனப்பான்மை மட்டும் ஓர் ஊரின் காலிப் பணியிடத்தை நிரப்பிவிடாது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் 50 விழுக்காடு இடங்களைத் தமிழகம் நெடுங்காலம் ஒதுக்கி வந்தது. சிற்றூர்ப் பணிக்கு அதுவே ஈர்ப்பு. படித்தபின் அரசு மருத்துவமனைக்கே திரும்புவதால் வல்லுநர்களும் கிடைத்தனர். இந்திய மருத்துவக் கழகத்தின் விதிகளைக் காரணம் காட்டி 2017இல் பட்டமேற்படிப்பில் இவ்வொதுக்கீடு முடக்கப்பட்டது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு மாநிலத்துக்கு அவ்வதிகாரம் உண்டெனத் தீர்ப்பளித்தது. வட்ட மருத்துவமனையில் மகப்பேறு வல்லுநரோ மயக்கவியல் வல்லுநரோ இருப்பாரா என்ற கேள்விக்கான விடையின் ஒரு பகுதி இத்தீர்ப்பில் உள்ளது.

சிப்காட் தொழிலாளிக்கு மற்றொரு வாயில் உண்டு. அதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகம் மருத்துவக் கல்லூரிகளை நடத்த 2010ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. சென்னை கே.கே. நகரில் அத்தகைய கல்லூரி இயங்குகிறது. இக்கல்லூரிகளில் காப்பீடு பெற்ற தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. 2015இன் தொடக்கத்தில் கழகம் மருத்துவக் கல்வியிலிருந்தே விலகுவதாக அறிவித்தது, மாணவர்கள் போராடினர். கோவைக் கல்லூரி பின்னர் மாநில அரசிடம் சென்றது, கே.கே. நகர் கழகத்திடமே நின்றது.

இவ்வொதுக்கீட்டைக் கோரப் பெற்றோர் குறிப்பிட்ட காலம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். இங்குதான் ஒப்பந்த முறை குறுக்கிடுகிறது. உருக்காலையிலும் வார்ப்படச் சாலையிலும் ஆபத்து மிகுந்த வேலைகளைச் செய்வோர் பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் ஆட்கள்: சுற்றுவட்டாரச் சேரிகளிலிருந்தும், பீகார், ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். ஒப்பந்ததாரர் மாறும்தோறும் பதிவு அறுகிறது. எம்மிடம் வருவோர் சிலரின் ஊதியச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கும், காப்பீட்டு எண் இராது. விபத்து நேரும் நாளில்தான் அது தெரியவரும். அன்று இழக்கப்படுவது சிகிச்சை மட்டுமன்று, அவர் பிள்ளை கோரியிருக்கக்கூடிய மருத்துவ இடமும்தான்.

சட்டம் இதில் தெளிவாகவே உள்ளது. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாத தொழிலாளியிடம் 0.75 விழுக்காடு, முதலாளியிடம் 3.25 விழுக்காடு எனப் பங்களிப்பு வகுக்கப்பட்டுள்ளது. ஒப்பந்ததாரர் செலுத்தத் தவறினாலும் முதன்மை முதலாளியான ஆலையே பொறுப்பு என்பதை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு வகுத்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அப்பொறுப்பை அங்கேயே வைத்துள்ளது. ஊதியத்தில் பிடித்த தொகையைக் கழகத்துக்குச் செலுத்தாமை வெறும் பாக்கியன்று. பாரதிய நியாய சம்ஹிதையின் 316ஆம் பிரிவு அதைக் குற்றமுறு நம்பிக்கை மோசடியாகவே கருதுகிறது. புகாருக்கு ஊதியச் சீட்டும் ஆலை நுழைவுச் சீட்டும் வங்கிக் கணக்குப் பதிவும் சான்றாகும். அவற்றை முதல் மாதத்திலிருந்தே பத்திரப்படுத்த வேண்டும். வேலைக்குச் சேர்ந்தவுடன் காப்பீட்டு எண்ணைக் கேட்டுப் பெற வேண்டும்.