டேஷ்போர்டு விரிசல் (பழைய கார்கள்)
முன்கண்ணாடிக்குக் கீழுள்ள டேஷ்போர்டின் மேற்புறம் வெயிலில் காய்ந்து பிளப்பது. 1974 முதல் 1993 வரை தயாரான வோல்வோ 240 இதற்குப் பேர்போனது. ஆண்டு முழுதும் வெயிலடிக்கும் மலாக்காவில், ஜாசின், அலோர் காஜா பக்கம் கூரையின்றி நிறுத்தப்படும் எந்தப் பழைய காருக்கும் இது நேரலாம்.

பிவிசி உறையை இளக்கமாக வைத்திருக்கும் சேர்மம் வெப்பத்தில் மெல்ல ஆவியாகிறது. உறை சுருங்கி, ஸ்பீக்கர் துளை, காற்றுவழி ஓரங்களில் கிழிகிறது. அடியிலுள்ள பாலியூரித்தேன் நுரையும் பொடிந்துபோகும்.

சிறு பிளவு என்றால் ஓரங்களைச் சரிவாகச் செதுக்கி, நெகிழ்வான எபாக்சி நிரப்பித் தேய்த்து, வினைல் சாயம் பூசலாம். இறுகிவிடும் பட்டி மறுபடி வெடிக்கும். மேலே ஒட்டும் பிளாஸ்டிக் மூடி மலிவானது, ஆனால் பழுதை மறைக்கும், தீர்க்காது. கழற்றிப் புது உறை போடுவதே நெடுநாள் நிற்கும். செலவானாலும் நல்ல காருக்கு அதுவே தகும். பழைய உதிரிபாகக் கடையில் மாற்று டேஷ்போர்டு வாங்குவோர் ஓரங்களை அழுத்திப் பார்க்க வேண்டும்: மொறுமொறுத்தால் அதுவும் பிளக்கும்.