நூல் பிடித்தல்: கட்டடத் தொழிற்கல்வியின் மொழி வரலாறு – வலியசாலையை முன்வைத்து

1. முன்னுரை

திருவனந்தபுரத்தில் கிள்ளிப்பாலத்திற்கு அண்மையில் உள்ள வலியசாலை என்னும் ஊர்ப்பெயரை இன்றைய தமிழறிவு ஒன்றையே துணையாகக் கொண்டு படிப்பவர் இருமுறை தவறக்கூடும். ‘வலிய’ என்பதற்குத் தமிழில் வலிமையுடைய என்பது பொருள். மலையாளத்தில் ‘பெரிய’ என்பது பொருள். ‘சாலை’ என்பது இன்றைய தமிழில் பெருவழியைச் சுட்டுகிறது. இவ்வூர்ப்பெயரிலோ அது கல்விக்கூடத்தைச் சுட்டியதாகக் கொள்ளப்படுகிறது. எனவே வலியசாலை என்பதைப் ‘பெரிய கல்விக்கூடம்’ எனப் பெயர்ப்பதே பொருந்தும்.

தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் அக்கிரகாரத் தெருக்களையுடைய இவ்வூர், தமிழும் மலையாளமும் ஒன்றையொன்று ஊடறுத்து வழங்கும் நிலப்பகுதியில் உள்ளது. இப்பகுதியில் கட்டடத் தொழிலைக் கற்கும் இளைஞர்க்கு அத்தொழில் எந்த மொழியில் சொல்லிக்கொடுக்கப்பட்டது, இன்று எந்த மொழியில் எழுதிக்கொடுக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வாய்மொழியாக நிகழ்ந்த பயிற்சி நூல்வழிப் பயிற்சியாக மாறும்போது மொழிபெயர்ப்பாளர் ஏற்கும் பொறுப்பை வரையறுப்பது இதன் நோக்கமாகும்.

2. சாலையில் இடம்பெறாத கல்வி

வலியசாலை மகாதேவர் கோயிலைப் பழைய காந்தளூர்ச் சாலையோடு இணைத்துக் காண்பது அறிஞர் பலரின் கருத்து. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில் ஒரு திருமால் கோயிலை எழுப்பி, காந்தளூர் நெறியைப் பின்பற்றி 95 சட்டர் பயிலும் சாலை ஒன்றையும் நிறுவினான். திருவிதாங்கூர்த் தொல்லியல் துறையின் வரிசையில் து.அ. கோபிநாதராவ் பதிப்பித்த செப்பேடு இச்செய்தியைத் தருகிறது. மாணவர்க்கு வேண்டிய தகுதிகளில் இலக்கண அறிவும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. வசை கூறுதல், படைக்கலத்துடன் அவைக்கு வருதல் முதலிய குற்றங்களும் அங்கு வகுத்துரைக்கப்படுகின்றன.

இவ்விதிகள் சட்டர்க்கே உரியவை. அதே செப்பேடு குறிக்கும் கோயிலைக் கட்டியவர்களும் எங்கோ, யாரிடமோ தம் தொழிலைக் கற்றவர்களே. ஆயினும் அவர்களுடைய கல்விக்கென எழுதப்பட்ட விதி எதுவும் அதில் இல்லை. கட்டடத் தொழிற்கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் எதிர்கொள்வது இவ்வெற்றிடமே. எனவே ஆவணங்களோடு சொற்களையும் சான்றாகக் கொள்ளவேண்டியுள்ளது.

3. நூல் என்னும் சொல்

தமிழில் ‘நூல்’ என்பது இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிக்கும். நன்னூலின் பாயிரம் இவ்விரு பொருளையும் ஓர் உவமையில் இணைத்து, மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் நீக்குவதுபோல மனத்தின் கோணலை அறிவுநூல் நீக்கும் என்னும் கருத்தை முன்வைக்கிறது. இலக்கண ஆசிரியர் தம் பணியை விளக்குவதற்குத் தொழிலாளியின் கருவியை நாடியமை நோக்கத்தக்கது. நெடுநல்வாடையோ அரண்மனைக்கு நூலிட்டுத் திசை கண்டு மனை வகுத்தோரைப் ‘புலவர்’ என்னும் சொல்லாலேயே சுட்டுகிறது.

மயமதம் கட்டடக் கலைஞரைத் தபதி, சூத்திரகிராகி, தட்சகன், வர்த்தகி என நால்வகைப்படுத்துகிறது. இவருள் சூத்திரகிராகி தபதியின் மகனாகவோ மாணவனாகவோ இருத்தல் வேண்டும் என்பது அந்நூலின் விதி. சூத்திரகிராகி என்பதன் நேர்ப்பொருள் ‘நூல் பிடிப்பவன்’ என்பதாகும். கற்பவனுக்கு உரிய பெயரே நூல் பிடித்தலால் அமைந்துள்ளது.

இப்பெயர் வெறும் உருவகமன்று என்பதைக் கட்டுமானக் களம் இன்றும் காட்டுகிறது. செங்கற்சுவர் எழுப்புகையில் இரு மூலைகளையும் தேர்ந்த கொத்தனார் முதலில் எழுப்புவார். பின்னர் அம்மூலைகளுக்கிடையே நூல் கட்டப்படும். அந்நூலை ஒட்டி இடைப்பகுதியில் கற்களை அடுக்குவதே பழகுபவனுக்கு முதலில் கிடைக்கும் வேலை. மூலை எழுப்பும் உரிமை அவனுக்கு இறுதியாகவே வந்துசேரும். நூலின் நேர்மைக்குக் கை பழகுவதே இங்குப் பாடம். ‘நூல் பிடித்தாற்போல’ என்னும் வழக்கும் இக்களத்திலிருந்தே பொதுமொழிக்குச் சென்றது எனலாம்.

4. அச்சேறிய நூலும் களத்துச் சொல்லும்

கட்டடக் கலை நூல்கள் அச்சேறிய வரலாற்றில் திருவனந்தபுரத்திற்குத் தனியிடம் உண்டு. திருநெல்வேலி மாவட்டத்துத் தருவையில் பிறந்த த. கணபதி சாஸ்திரி, திருவனந்தபுரம் வடமொழி நூல் வரிசையில் வாஸ்துவித்யா (1913), மனுஷ்யாலய சந்திரிகா (1917), மயமதம் (1919) ஆகியவற்றைப் பதிப்பித்தார். இவற்றால் ஆராய்ச்சியுலகம் பெற்ற பயன் பெரிது. எனினும் சுவர் எழுப்பியவனுக்கும் கூரை வேய்ந்தவனுக்கும் இந்நூல்களின் மொழி எட்டவில்லை. நூலைப் படித்தவர் நூல் பிடிக்கவில்லை; நூல் பிடித்தவர் நூலைப் படிக்கவில்லை.

களத்தில் வழங்கிய கல்விமொழி வேறு. அதன் அமைப்பைத் தொழிலாளரின் படிநிலைப் பெயர்களிலிருந்தே அறியலாம். ‘சித்தாள்’ என்பது ‘சிற்றாள்’ என்பதன் பேச்சுவடிவம். றகர இரட்டை தகர இரட்டையாகும் பொதுவிதிக்கு உட்பட்டது. ‘கொத்தனார்’ தமிழ் வேரும் மரியாதை விகுதியும் கொண்டது. ‘மேஸ்திரி’ போர்த்துக்கீசியத்திலிருந்து தமிழுக்கும் மலையாளத்துக்கும் வந்த சொல். ஆசான், தலைவன் என்பன அதன் மூலப்பொருள். திருவனந்தபுரத்து மலையாளத்தில் கொத்தனாரின் உதவியாளைக் குறிக்க ‘மைக்காடு’ என்னும் சொல் வழங்குகிறது. சாந்து சுமப்பதில் தொடங்கி, கலவை சேர்த்து, கரண்டி பிடித்து, மூலை எழுப்பி, இறுதியில் ஆள்களை நடத்தும் நிலைக்கு ஒருவன் உயர்வதே பயிற்சி. ஏட்டில் எழுதப்படாத பாடத்திட்டம் இப்பெயர்வரிசையில் அடங்கியுள்ளது.

இவ்வரிசையில் ஒரு தடையும் உண்டு. ‘ஆள்’ பால்பகா அஃறிணைச் சொல் அன்றாயினும் ஆண், பெண் இருவர்க்கும் பொதுவாக வரும் சொல். வழக்கிலோ ‘சித்தாள்’ பெரும்பாலும் பெண்ணையும், ‘பெரியாள்’ ஆணையும் குறிக்கின்றன. ஆண் உதவியாள் காலப்போக்கில் கொத்தனார் ஆகிறான். பெண்ணோ முப்பது ஆண்டு உழைத்தும் சித்தாளாகவே நின்றுவிடுவது பெருவழக்கு. ‘கொத்தனார்’ என்பதற்குப் பெண்பால் வடிவம் வழக்கூன்றாமைக்கு இலக்கணம் காரணமன்று. கரண்டி அவள் கைக்குக் கொடுக்கப்படாமையே காரணம்.

5. சட்டமும் எல்லையும்

தொழில் பழகுதல் எழுத்துக்குள் வந்தது சட்டத்தின் வழியாகும். 1850-ஆம் ஆண்டின் 19-ஆம் சட்டம், 10 வயதுக்கு மேல் 18 வயதுக்கு உட்பட்ட சிறாரை ஒரு தொழிலைக் கற்க ஒப்பந்தத்தால் பிணைக்க வழிசெய்தது. ஒப்பந்தக் காலம் ஏழாண்டுக்கு மேற்படலாகாது என்றும் வரையறுத்தது. இங்கிலாந்தில் 1563-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த ஏழாண்டுப் பயிற்சியின் சாயலை இதில் காணலாம். விடுதலைக்குப்பின் 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன்வழித் தொழிற்பயிற்சி நிலையங்கள் பெருகின. தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டது. ‘பழகுநர்’ என்னும் ஆட்சிச்சொல் பாராட்டத்தக்க தேர்வாகும். படித்தலினும் கை வழக்கப்படுதலையே ‘பழகு’ என்னும் வினை உணர்த்துகிறது.

இதற்கிடையே நிகழ்ந்த அரசியல் மாற்றம் ஒன்று இப்பகுதியின் தொழில்மொழிக்கு முதன்மையானது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென்திருவிதாங்கூர் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன; திருவனந்தபுரமும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. அதுவரை ஒரே ஆட்சியின்கீழ் ஒரே தொழில்மரபைப் பகிர்ந்தவர்களின் பிள்ளைகள், இருவேறு மாநிலங்களின் பயிற்சி நிலையங்களில் இருவேறு மொழிப் பாடநூல்களைப் பயிலும் நிலை உருவாயிற்று. எல்லையைக் கடந்து வேலைக்குச் செல்லும் இளைஞனுக்குக் களத்தில் இரண்டு சொல்தொகுதிகளும் வேண்டியனவாயின.

6. மொழிபெயர்ப்பில் தவறும் அளவுகள்

1986-இல் செருமானிய அரசின் உதவியுடன் சென்னை கிண்டியில் அமைக்கப்பெற்று, 1999-இல் தன்னாட்சி பெற்ற தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம், தொழிற்பயிற்சி மாணவர்க்கான பாடநூல்களை ஆங்கிலத்தில் உருவாக்கித் தமிழ், மலையாளம் முதலிய மொழிகளிலும் வெளியிட்டு வருகிறது. வடமொழி நூல்களைப் போலன்றி, இவை பழகுபவனை நோக்கியே எழுதப்படுபவை. எனவே இம்மொழிபெயர்ப்பில் நேரும் பிழை நூலகத்தில் தங்குவதன்று, சுவரில் இறங்குவது. மூன்று சொற்கள் இதனை விளக்கும்.

முதலாவது ‘அங்குலம்’. கேரளத் தச்சுமரபில் ஒரு முழக்கோல் 24 அங்குலம் கொண்டது. இன்றைய அளவில் 72 செ.மீ. எனவே மரபுவழி அங்குலம் 3 செ.மீ. ஆகும். தமிழ்ப் பாடநூல் வழக்கிலோ ‘இஞ்சு’ என்னும் அளவே அங்குலம் எனப் பெயர்க்கப்படுகிறது, அது 2.54 செ.மீ. மூன்று கோல், அதாவது 72 அங்குலம் எனத் தச்சர் சொல்லும் நீளம் 216 செ.மீ. தமிழ்ப் பாடநூல் படித்த மாணவன் அதனை ஏறத்தாழ 183 செ.மீ. எனக் கொள்வான். 33 செ.மீ. குறைவுக்குக் காரணம் கணக்குப் பிழையன்று. ஒரு சொல் இரு மரபுகளில் பெற்ற இரு பொருளே.

இரண்டாவது ‘உத்தரம்’. தமிழில் இது மேற்கூரையைத் தாங்கக் குறுக்கே இடப்படும் பெருவிட்டம். மலையாளத் தச்சுவழக்கில் சுவரின் தலைமேல் படிந்து கைமரங்களைத் தாங்கும் மரம். சொல் ஒன்றே, அமரும் இடமும் தாங்கும் பாரமும் வேறு.

மூன்றாவது, முன்னர்க் கண்ட ‘நூல்’. தொழிலாளர் வழக்கில் அது ஓர் அளவும் ஆகும். இஞ்சின் எட்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 3.2 மி.மீ. 1956-ஆம் ஆண்டு எடை அளவுச் சட்டத்தின் வழி மெட்ரிக் முறை நடைமுறைக்கு வந்தபின் பாடநூல்கள் மில்லிமீட்டரையே பேசுகின்றன. ‘இரண்டு நூல் தள்ளி வை’ என்னும் கட்டளைக்கு அந்நூல்களில் விளக்கம் தேடும் மாணவன் ஏமாறுவான். தேர்வில் வென்றவன் முதல்நாள் களத்தில் ஊமையாக நிற்பதற்கு இத்தகைய இடைவெளிகளே காரணம். அவன் திறமையற்றவன் என்னும் முடிவுக்குக் கொத்தனாரும், கொத்தனார் படிப்பறிவற்றவர் என்னும் முடிவுக்கு அவனும் வருவர். இருவரும் தவறு செய்யவில்லை.

7. வரைபடத்தின் துணை

இவ்விடைவெளியைக் கடந்தவர்க்குத் திருவனந்தபுரத்திலேயே சான்று உண்டு. பர்மிங்ஹாமில் 1917-இல் பிறந்து, இந்நகரில் நெடுங்காலம் பணியாற்றி 2007-இல் மறைந்த லாரி பேக்கர், வலியசாலைக்கு அண்மையிலுள்ள தம்பானூரில் சுருள்வடிவ இந்தியன் காபி ஹவுஸ் கட்டடத்தையும், உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தையும் உருவாக்கினார். அவர் களத்தில் தொழிலாளரோடு நின்று வேலை செய்தவர். தம் கையேடுகளைக் கைப்பட வரைந்த படங்களாலும் சிறு குறிப்புகளாலும் அமைத்தவர். செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி இடையே வெற்றிடம் விட்டு அடுக்கும் முறையை அவர் பரவலாக்கினார். இதனால் செங்கல் செலவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். ‘எலிப்பொறிக் கட்டு’ எனப் பெயர்க்கத்தக்க அதன் ஆங்கிலப் பெயர், கேட்டவுடன் வடிவத்தைக் கண்முன் நிறுத்துவது. பொருளைப் பார்த்தபின் பெயரைத் தருதல் என்னும் களத்தின் வரிசைமுறையை அவருடைய கையேடுகள் பேணின. அவரும் உடனிருந்து 1985-இல் தோற்றுவிக்கப்பெற்ற காஸ்ட்போர்டு நிறுவனமும் தொழிலாளர் பயிற்சியை மேற்கொண்டது.

8. முடிவுரை

தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தொகுத்த வட்டாரத் தொழிற்சொல் அகராதியின் வேளாண்மைத் தொகுதி 1962-இல் வெளிவந்தது. மொழியியலாளர் களத்துக்குச் சென்றால் என்ன செய்யமுடியும் என்பதற்கு அது முன்மாதிரி. தமிழ்–மலையாள எல்லைப்பகுதியின் கட்டடத் தொழிற்சொற்களுக்கும் அத்தகைய இருமொழித் தொகுப்பு வேண்டும். அதில் களத்துச் சொல்லே தலைச்சொல்லாக நிற்றல் வேண்டும். அதன் மெட்ரிக் அளவும், எல்லைக்கு அப்பால் அது பெறும் பொருளும், உரிய வரைபடமும் உடன் தரப்படல் வேண்டும். பாடநூல் மொழிபெயர்ப்பாளர் புதுச்சொல் ஆக்குமுன் இத்தொகுப்பை நாடவேண்டும்.

முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் காந்தளூர்ச் சாலையோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘கலம்’ மரக்கலமா, உண்கலமா, வேறொன்றா என்பது குறித்து அறிஞரிடையே கருத்து வேற்றுமை நிலவுகிறது. சொல் கல்வெட்டில் நிலைத்தது. அதைப் பயன்படுத்தியோர் மறைந்தனர். கட்டடத் தொழிற்சொற்களின் நிலை இதற்கு மறுதலை. அவை கல்லில் வெட்டப்படவில்லை. ஆயினும் அவற்றை வழங்குவோர் இன்றும் சாரத்தின்மேல் நின்று சுவர் எழுப்பிக்கொண்டிருக்கின்றனர். பொருள் கேட்டறிய இன்னும் ஆள் உண்டு. மூலைகளை மூத்தோர் எழுப்பிவிட்டனர். இடையே நூல் கட்டவேண்டியது மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் ஆற்றவேண்டிய பணியாகும்.