கருவுக்குள் ஒரு பெரட்டு



ஒரு பெண்ணுக்குக் கரு தங்காமல் கலைந்துவிட்டால், பழி அவள் தலையில்தான் விழுகிறது. "அன்னாசி தின்றிருப்பாள், பளு தூக்கியிருப்பாள்" என்கிறோம். இது நியாயந்தானா? கருவின் முதல் வாரத்தை விஞ்ஞானிகள் அறிந்த வரலாற்றைக் கேளுங்கள்.

கரு ஒரே உயிரணுவாகத் தொடங்கி, இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பெருகுகிறது. தோட்டத்துப் பெரட்டை நீங்கள் அறிவீர்கள். விடியற்காலையில் எல்லோரும் ஒன்றாகத்தான் நிற்பார்கள். பெயர் கூப்பிட்ட பிறகே ஒருவர் பால் வெட்டவும், இன்னொருவர் புல் வெட்டவும் போவார்கள். கருவிலும் அப்படித்தான், தொடக்கத்தில் எந்த உயிரணுவும் எந்த வேலைக்கும் ஏற்றது.

1959-இல் போலந்து நாட்டு அறிஞர் தர்கோவ்ஸ்கி இதை மெய்ப்பித்தார். சுண்டெலிக் கருவின் இரண்டு உயிரணுக்களில் ஒன்றை அவர் அழித்தார். எஞ்சிய ஒன்றிலிருந்தே முழுக்குட்டி பிறந்தது! வேலையைப் பிரிப்பது உயிரணு நிற்கும் இடமே என்று 1967-இல் அவரும் வ்ரூப்ளெவ்ஸ்காவும் கூறினர். வெளியே நிற்பவை நஞ்சுக்கொடியாகும்; உள்ளே நிற்பவை குழந்தையாகும்.

அந்த வேலையை நடத்தும் கங்காணிகள் மரபணுக்கள். ஆக்ட் 4 என்னும் மரபணு இல்லாவிட்டால் உள் உயிரணுக்கள் நஞ்சுக்கொடியின் பக்கம் சாய்ந்துவிடும் என்று 1998-இல் சுண்டெலியில் கண்டனர். சி.டி.எக்ஸ். 2 இல்லாவிட்டால் வெளிச்சுவர் நிலைக்காது, கரு கருப்பையில் ஒட்டாது என்பது 2005-இல் தெரிந்தது.

மனிதக் கருவிலும் இந்த இரு பிரிவுகள் உண்டு. நம் ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். இலங்கையில் பிறந்த தமிழரான டாக்டர் எஸ். எஸ். ரத்னத்தின் குழு, 1983-இல் அந்நாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்கச் செய்தது. அங்கேயே பணியாற்றிய, இலங்கையில் பிறந்த அறிஞர் ஆரிஃப் போங்சோ, 1994-இல் ஐந்து நாள் மனிதக் கருவின் உள் உயிரணுக்களைத் தனியே பிரித்து வளர்த்தார். 1998-இல் அமெரிக்காவின் தாம்சன் அவ்வகை உயிரணுக்களை நெடுங்காலம் வளர்த்துக் காட்டினார்.

நேயர்களே, இந்தப் பெரட்டு நடக்கும்போது, தான் கருவுற்றதே தாய்க்குத் தெரியாது. பல கருக்கள் அப்போதே நின்றுவிடுகின்றன. தொடக்க மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், தற்செயலாக நேரும் குரோமோசோம் பிழை. அது அவள் உண்டதாலும் வந்ததன்று, நடந்ததாலும் வந்ததன்று. ஆகவே பழி சொல்லாதீர்கள். அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கணவனும் உடன் போகட்டும்.