ஒரு பள்ளி ஆசிரியர் கண்ட விதி

மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை ஆகிய மூன்றையும் இணைக்கும் ஓம் விதியை நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அவ்விதி ஒரு பள்ளி ஆசிரியரின் உழைப்பில் பிறந்தது என்பதைச் சிலரே அறிவர்.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1817 முதல் கொலோன் நகரத்துப் பள்ளியொன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தார். அப்பள்ளியின் கருவிகளைக் கொண்டே ஆராய்ச்சியும் செய்தார். வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுற்றில் இணைத்து, காந்த ஊசியின் துணையால் மின்னோட்டத்தை அளந்தார். ஆனால் அக்காலத்து மின்கலத்தின் ஆற்றலோ நிலையாக நில்லாது. சுற்றை மூடிய சிறிது நேரத்திலேயே தளர்ந்துவிடும். ஆகவே 1825-இல் அவர் வெளியிட்ட முதற் சூத்திரம் பிழையாயிற்று.

ஓம் சோர்ந்துவிடவில்லை. பொகெண்டார்ஃப் என்னும் அறிஞரின் யோசனைப்படி, மின்கலத்தை விடுத்து வெப்பமின் இரட்டையைக் கையாண்டார். செம்பும் பிஸ்மத்தும் கூடும் இரு சந்திகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வெப்பநிலை வேறுபாடு மாறாதிருந்தமையால் மின்னியக்கு விசையும் மாறவில்லை. சுற்றின் மொத்தத் தடை இரு மடங்கானால் மின்னோட்டம் பாதியாகும் என்னும் உண்மை 1826-இல் புலனாயிற்று. மறு ஆண்டில் நூலாகவும் வெளிவந்தது. எனினும் இலண்டன் ராயல் சங்கம் காப்ளி பதக்கம் அளித்து அவரைப் பெருமைப்படுத்தியது 1841-இல்தான்.

இவ்வரலாற்றை அறியாத காலத்தில் நான் ஒரு தவறு செய்தேன். என் மாணவன் ஒருவன், உலர்மின்கலத்துடன் கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்து அம்மீட்டரில் அளவெடுத்தான். இறுதியில் முதற் கம்பியையே மீண்டும் இணைத்தபோது அளவு குறைந்திருந்தது. “ஐயா, முன்பு காட்டிய அளவை இப்போது காட்டவில்லையே?” என்று கேட்டான். “புத்தகத்துக்கு ஒத்து வருமாறு எழுதிக்கொள்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கொலோன் ஆசிரியரைத் திணறச் செய்த அதே இடரைத்தான் அச்சிறுவனும் கண்டிருக்கிறான் என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தபோது நாணினேன். அதற்குள் அவன் பள்ளிப்படிப்பை முடித்துச் சென்றுவிட்டான்.

அன்றுமுதல் என் வகுப்பில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. சோதனை முடிந்ததும், ஒவ்வொருவரும் முதற் கம்பியை மீண்டும் இணைத்து அளவு பார்க்கவேண்டும்.

நேயர்களே, உங்கள் அளவுகள் விதியோடு பொருந்தாவிடில் அவற்றை அழித்து எழுதாதீர்கள். கலத்தையும் கம்பியையும் இணைப்புகளையும் மறுபடியும் சோதியுங்கள். ஓம் செய்ததும் அதுவே.