உறைந்த மாதங்கள்

2020 மார்ச் 23, திங்கட்கிழமை. மாலையில் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி நாட்டைப் பூட்டினார். அதே நாளில் எங்கள் தொழிலுக்கும் ஒரு கட்டளை வந்தது. புதிய சிகிச்சை எதையும் தொடங்கக்கூடாது, தொடங்கியவற்றை ஏப்ரல் 15க்குள் முடித்துவிட வேண்டும் என்றது பிரித்தானியாவின் மனிதக் கருத்தரிப்பு, கருவியல் அதிகாரசபை. அப்போது நான் இங்கிலாந்தில் ஒரு கருத்தரிப்பு நிலையத்தின் ஆய்வுகூடப் பொறுப்பாளராக இருந்தேன்.

காரணம் நியாயமானதுதான். முட்டை எடுக்க மயக்க மருந்து வைத்தியர் வேண்டும். அவர்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அழைத்துக்கொண்டிருந்தன. ஊசி மருந்தால் சூலகம் அளவுமீறித் தூண்டப்பட்டு ஒரு பெண் படுக்கையில் விழுந்தால், அவருக்கும் ஒரு கட்டில் வேண்டும். கர்ப்பிணிகளை இந்த வைரசு என்ன செய்யும் என்பதும் அப்போது தெளிவில்லை.

எங்கள் துறை பிறந்ததும் இதே நாட்டில்தான். 1978 யூலை 25இல் ஓல்டாம் பொது வைத்தியசாலையில் லூயிஸ் பிரவுண் பிறந்தார். றொபேட் எட்வேட்ஸ், பற்றிக் ஸ்டெப்டோ என்ற இரு பெயர்களையும் உலகம் அறியும். ஆய்வுகூடத்தில் அவர்களோடு உழைத்த ஜீன் பேர்டியின் பெயரை ஓல்டாமில் ஒரு நினைவுப் பலகையில் பொறிக்க 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்கள் காலத்தில் வெளியே உருவான மனிதக் கரு சில நாட்களுக்குள் கருப்பையைச் சேரவேண்டும். வேறு போக்கிடம் இல்லை. உறைந்திருந்த கருவிலிருந்து முதற் குழந்தை மெல்பேர்ணில் பிறந்தது 1984இல். அந்த வழி இருந்தபடியால்தான் 2020இல் பல கருக்களைத் தாயிடம் வைக்காமல், கழிய நிலைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்த முடிந்தது.

ஆனால் ஆய்வுகூடத்தை முழுதாகப் பூட்ட முடியாது. கழியம் 196 பாகை குளிரில், திரவ நைதரசனில் நிற்கும் தாங்கிகளைத்தான் நாங்கள் அப்படிச் சொல்லுவோம். நைதரசன் ஓயாமல் ஆவியாகும். யாராவது வந்து அளவு பார்த்து ஊற்றவேண்டும். ஆட்களை இரண்டு குழுவாகப் பிரித்தேன். ஒரு குழுவின் முகத்தை மற்றது பார்க்கவில்லை. ஒருவருக்குத் தொற்றினால் மற்றக் குழுவாவது மிஞ்சும். ஊரெல்லாம் கையில் சானிடைசர் பூசியது. எங்களுக்கோ அந்த மதுசார ஆவியே பகை. வளரும் கருவுக்கு அது ஆகாது. ஆகவே சவர்க்காரத்தால் கழுவிக் கழுவிக் கை வெடித்தது.

தொலைபேசியில் நோயாளருக்குச் செய்தி சொல்லும் வேலையும் எங்களிடையே பங்கிடப்பட்டது. தமிழ்ப் பெயர் ஒன்று என் பட்டியலில் இருந்தது. ஊசி தொடங்க ஒரு கிழமைதான் இருந்தது அவருக்கு.

"அக்கா, எனக்கு ஆனியோட நாப்பது முடியுது. எப்ப திறப்பீங்கள்?"

"தெரியாதம்மா" என்றேன். அதைவிட உண்மையான பதில் என்னிடம் இருக்கவில்லை.

அரச செலவில் 40க்குக் கீழ் 3 சுற்றுகள், 40 முதல் 42 வரை 1 சுற்று என்பது 2013இன் பரிந்துரை. கொடுப்பதோ குறைப்பதோ அந்தந்தப் பகுதி நிர்வாகத்தின் கையில். அவருடைய பகுதியில் நாற்பது ஒரு வாசற்படி.

மே 11 முதல் நிலையங்கள் மீளத் திறக்க விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். யூலை 1 முதல், சேமிப்பில் இருந்த கருக்களுக்கும் முட்டைகளுக்கும் விந்துக்கும் வழமையான 10 ஆண்டு எல்லையோடு மேலும் 2 ஆண்டுகளைச் சட்டம் சேர்த்தது. உறைந்தவற்றின் காலத்தை ஒரு கையெழுத்தால் நீட்டலாம். தாங்கிக்குள் இருக்கும் கருவுக்கு வயது ஏறாது. வீட்டில் காத்திருந்த பெண்ணுக்கு ஏறியது.

அவர் ஆடியில் வந்தார், நாற்பது முடிந்து. நான்கு முட்டை; இரண்டு கருக்கட்டின; ஐந்தாம் நாள் ஒன்றும் எஞ்சவில்லை. நான்கு மாதத்தில் முட்டை அவ்வளவு மாறிவிடாது என்று என் படிப்பு சொல்கிறது. அவரிடமும் சொன்னேன்.

"பங்குனியில செய்திருந்தால் இன்னொரு தரம் கேட்டிருப்பன் அக்கா" என்றார்.

அன்று என் முறை. அழைப்பை வைத்துவிட்டு, கண்ணாடிக் கவசத்தை மாட்டிக்கொண்டு, தாங்கிகளுக்கு நைதரசன் ஊற்றப் போனேன்.