கிண்டியும் குரோம்பேட்டையும்: ஒரு பல்கலைக்கழகம் வளாகங்களால் ஆன கதை

கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்களிடம் கல்லூரியின் வயதைக் கேட்டால், 1794 என்ற ஆண்டு உடனே வந்து விழும். ஆண்டு தவறில்லை. ஆனால் அன்று தொடங்கியதைக் கல்லூரி என்று சொல்ல நிறையப் பெருந்தன்மை வேண்டும். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. நிலத்தை அளந்தால்தான் வரி போடலாம், அளப்பதற்கோ ஆளில்லை. சீமையிலிருந்து ஆள் இறக்கினால் சம்பளம் கட்டுப்படியாகாது. கம்பெனியின் வானியலாளரும் நில அளவையாளருமான மைக்கேல் டாப்பிங் இதற்கு மலிவான ஒரு வழி கண்டார். சென்னையின் ஆண் அநாதை விடுதியிலிருந்து எட்டுச் சிறுவர்களை எடுத்து, சங்கிலி பிடிக்கவும் கோணம் பார்க்கவும் வரைபடம் போடவும் பழக்கினார். பள்ளி என்றது அவ்வளவுதான். 1796-இல் டாப்பிங் இறந்தபின் ஜான் கோல்டிங்ஹாம் பொறுப்பேற்றார். இன்று ராஜாஜி அரங்கம் என்று வழங்கும் கட்டடத்தை வடிவமைத்தவரும் அவரே. அது சிவில் பொறியியல் பள்ளியானது 1858-இல். கல்லூரி என்ற பெயர் கிடைத்தது அதற்கடுத்த ஆண்டு. ரூர்க்கியில் 1847-லேயே பொறியியல் கல்லூரி வந்துவிட்டது. 'நாட்டிலேயே பழையது எது' என்ற வழக்கில் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால், பள்ளி என்ற வகையில் சென்னைக்கும் கல்லூரி என்ற வகையில் ரூர்க்கிக்கும் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

வயதைவிடக் கவனிக்க வேண்டியது, அந்தப் பள்ளி பிறந்த விதம். ஒரு வேலை இருந்தது, அதைச் செய்ய ஆள் தேவைப்பட்டது, ஆகவே பாடம் வந்தது. பிற்காலத்தில் அண்ணா பல்கலைக்கழகமாக ஒன்றுசேர்ந்த நான்கு வளாகங்களுமே இப்படித்தான் பிறந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் அடிப்படையாக இருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் வலிமை இங்கேதான் இருக்கிறது என்பதும், பின்னாளில் வளாகங்களை மாவட்ட வரைபடத்தைப் பார்த்துத் திறந்தபோது அந்த வலிமை உடன் போகவில்லை என்பதும் என் வாதம். கிண்டிக் கல்லூரியின் பாட வரலாறே இதற்கு முதல் சான்று. பொதுப்பணித் துறைக்கு ஆள் தேவைப்பட்டவரை சிவில் மட்டும்தான். 1894-இல் இயந்திரவியல் வந்தது. மின்சாரம் மாகாணத்தில் பரவத் தொடங்கிய காலத்தில், 1930-இல், மின் பொறியியல் வந்தது. இதற்கிடையே 1920-இல் கல்லூரி சேப்பாக்கத்தை விட்டுக் கிண்டியின் செங்கல் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. 1940-இல் ஏ. லலிதா மின் பொறியியலில் சேர்ந்தார். அவரைத் தொடர்ந்து லீலாம்மா ஜார்ஜும் பி. கே. திரேசியாவும் சிவிலில் சேர்ந்தார்கள். பெண்கள் பொறியியல் படிப்பார்கள் என்று நிர்வாகம் எண்ணியே பார்த்திருக்கவில்லை. பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்த சொல்லை அடித்துவிட்டு, பெண்பாலாகக் கையால் திருத்தித்தான் அவர்களுக்குக் கொடுத்தார்கள்.

இரண்டாவது வளாகம் அதே கிண்டியில், ஆனால் வேறொருவர் பணத்தில், வேறொரு நிர்வாகத்தின் கீழ் எழுந்தது. 1944-இல் அழகப்பச் செட்டியார் ஐந்து லட்ச ரூபாய் நன்கொடை தர, சென்னைப் பல்கலைக்கழகம் தன் சொந்தப் பொறுப்பில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்கியது. ஏ.சி. டெக் என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கல்லூரி, பக்கத்துக் கல்லூரி தொடாத படிப்புகளை எடுத்துக்கொண்டது: வேதிப் பொறியியல், ஜவுளித் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம். மாகாணத்தில் யார் கையில் தொழில் இருந்தது என்று பார்த்தால் இந்தத் தேர்வு புரியும். கோவையில் பஞ்சாலைகள் ஓடிக்கொண்டிருந்தன; வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் கூடங்கள் பெருகியிருந்தன. 1948-இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாற்றில் அமைந்தபோது, அது ஏ.சி. டெக்கின் பக்கத்து மனையாகவே அமைந்தது. தோல் படிக்கும் மாணவர் பாதிப் படிப்பை அங்கே உள்ள ஆய்வுக்கூடங்களிலும் பதனிடும் தொட்டிகளிலுமே படித்தார். கல்லூரியும் ஆராய்ச்சிக்கூடமும் தொழிலும் இவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்த இடங்கள் நம் நாட்டில் அதிகமில்லை.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் துணிச்சலானது. சி. ராஜம் தாம் குடியிருந்த 'இந்தியா ஹவுஸ்' மாளிகையை விற்று, ஐந்து லட்சம் கொடுத்து, 1949-இல் குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியை, அதாவது எம்.ஐ.டி.யை, நிறுவினார். குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊரில் தோல் படிப்பு இல்லை, விமானப் படிப்பு வந்தது என்பது ஒரு வேடிக்கை. விமானம், மோட்டார் வாகனம், மின்னணுவியல், கருவியியல் ஆகிய நான்கும் அன்றைய பொறியியல் கல்லூரிகளில் தனிப் படிப்புகளாகப் பெரும்பாலும் கிடைக்காதவை. சேர்க்கை முறையும் வேறு. பி.எஸ்சி. முடித்தவர்களை எடுத்து, மூன்றாண்டு படிக்கவைத்து, பட்டயம் கொடுத்தார்கள். பட்டம் கிடையாது, இருந்தும் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் முடித்த அப்துல் கலாம் விமானப் பொறியியலுக்கும், அதே கல்லூரியில் அதே இயற்பியல் முடித்த ரங்கராஜன், நம் எழுத்தாளர் சுஜாதா, மின்னணுவியலுக்கும் அங்கேதான் போனார்கள். பறப்பதிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு விமானங்கள் செயல்விளக்கத்துக்காக அங்கே நிறுத்தப்பட்டிருந்ததையும், அவற்றின் மேல் தமக்கு ஏற்பட்ட ஈர்ப்பையும் கலாம் தம் சுயசரிதையில் சொல்கிறார். இயற்பியல் தெரிந்த இளைஞனிடம் ஒரு நிஜ எந்திரத்தைக் காட்டு என்பதே அந்தக் கல்லூரியின் கொள்கை. பிற்காலத்தில் இதே வளாகம் உருவாக்கிய நாற்பது கிலோ எடையுள்ள அனுசாட் செயற்கைக்கோள், 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி.யில் ஏறிப் போனது. அறுபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த பாடத் தேர்வின் விளைவு அது.

நான்காவதான கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளி 1957-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தொடங்கியது. ஆக 1978 செப்டம்பர் 4 அன்று பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவானபோது, ஒன்று சேர்ந்தவை அரசுக் கல்லூரி ஒன்று, தனியார் கொடையில் எழுந்த நிறுவனம் ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானவை இரண்டு. 1982-இல் பெயர் அண்ணா பல்கலைக்கழகம் என்று சுருங்கியது. இங்கே ஒரு மறுப்பு எழலாம்: இந்த இணைப்பும் கோட்டையில் போட்ட சட்டத்தால் வந்ததுதானே, இதில் தொழில் எங்கே, தேவை எங்கே? சட்டம் போட்டது உண்மை. ஆனால் சட்டம் சேர்த்த நான்கும் ஒன்றன் பாடத்தில் மற்றொன்று பெரும்பாலும் கால் வைக்காதவை. கிண்டியில் சிவில், இயந்திரம், மின்சாரம்; ஏ.சி. டெக்கில் வேதியியலைச் சார்ந்தவை, குரோம்பேட்டையில் விமானமும் மின்னணுவியலும், பக்கத்தில் கட்டடக்கலை. இணைப்பில் எதையும் மூட வேண்டியிருக்கவில்லை. 1981 முதல் ஒன்பது ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த வா. செ. குழந்தைசாமி நீரியல் அறிஞர். 'குலோத்துங்கன்' என்ற பெயரில் கவிஞர். அவர் காலத்தில் தொலையுணர்வு, கணினி போன்ற புதுத் துறைகள் இந்தப் பழைய அடித்தளங்களின் மேலேயே வளர்ந்தன. டாப்பிங்கின் சங்கிலிப் பள்ளிக்கு இன்றைய நேரடி வாரிசு யார் என்று தேடினால், செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தை அளக்கும் ஜியோ இன்பர்மேட்டிக்ஸ் படிப்புதான். பின்னர் கணினி அறிவியலும் தகவல் தொழில்நுட்பமும் கிண்டியிலும் குரோம்பேட்டையிலும் இரட்டையாக வந்தன. சந்தையின் இழுப்புக்கு யாரும் விலக்கில்லை. ஆனாலும் கலந்தாய்வில் இந்த வளாகங்களுக்கு இன்றும் தனித்தனிக் கல்லூரி எண்கள்தான். கிண்டிக்கு ஒன்று, ஏ.சி. டெக்குக்கு இரண்டு, எம்.ஐ.டி.க்கு நான்கு. இடம் எடுக்கும் மாணவருக்கு அவை ஒரே கல்லூரியின் கிளைகளாகத் தெரிவதில்லை.

கணக்கு மாறியது 2001-இல். அதுவரை தன் வளாகங்களுக்குள் மட்டும் பாடம் நடத்திப் பட்டம் கொடுத்துவந்த பல்கலைக்கழகத்தின் கீழ், மாநிலத்தின் நூற்றுக்கணக்கான பொறியியல் கல்லூரிகள் இணைப்புக் கல்லூரிகளாகக் கொண்டுவரப்பட்டன. ஆராய்ச்சி செய்ய வேண்டிய இடம் விடைத்தாள் திருத்தும் இடமாகவும் ஆனது. சுமை தாங்கவில்லை என்று 2007-இல் சென்னை, கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று பிரித்தார்கள். 2010-இல் மதுரையையும் சேர்த்தார்கள். 2012-இல் எல்லாவற்றையும் மறுபடி ஒட்டினார்கள். 2020-இல் மீண்டும் ஒரு பிரிப்புச் சட்டம் பேரவையில் நிறைவேறியது. எந்தப் பாதிக்கு எந்தப் பெயர் என்பதிலேயே ஆசிரியர்கள் கொதித்தார்கள். அது நடைமுறைக்கு வராமல் போயிற்று. இவ்வளவு வெட்டலிலும் ஒட்டலிலும் எந்த வளாகத்தில் என்ன படிப்பு என்ற கேள்வி ஒருமுறையாவது மையமாக வந்ததா என்றால் இல்லை. எத்தனை பல்கலைக்கழகம், யார் துணைவேந்தர், எந்த மாவட்டம் யார் கீழ் என்பதே பேச்சு.

இணைப்பு முறையைக் குறை சொல்வது மேட்டிமைப் பேச்சு என்பார்கள். நான்கு வளாகங்களுக்குள் வருடத்துக்குச் சில ஆயிரம் பேரை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால், கிராமத்துப் பிள்ளைகள் எப்படிப் பொறியாளர் ஆகியிருப்பார்கள்? நியாயமான கேள்வி. ஆனால் கதவைத் திறந்தது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 1984-இல் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. 1997-இல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. அதன் பின்னால் இருந்தவர் முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன். கல்லூரி கல்லூரியாக விண்ணப்பப் படிவம் வாங்கி அலைந்த நிலை அதனால் ஒழிந்தது. 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வு போனது. 2010-இல் முதல் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை வந்தது. இவை எவற்றுக்கும் 2001 இணைப்பு காரணம் என்று சொல்ல முடியாது. பாதி அதற்கு முன்பே வந்துவிட்டவை. இணைப்பு கொடுத்தது ஒரே பாடத்திட்டத்தையும் ஒரே தேர்வையும், பட்டச் சான்றிதழில் ஒரு பெரிய பெயரையும். அந்தப் பெயருக்கு வேலைச் சந்தையில் மதிப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். சின்ன ஊர்க் கல்லூரி ஒன்றில் படித்த மாணவருக்கு அது சின்ன உதவி இல்லை.

எனக்கு வருத்தம் தருவது இணைப்புக் கல்லூரிகளைவிட, பல்கலைக்கழகம் தன் சொந்தக் கையால் திறந்த உறுப்புக் கல்லூரிகள்தான். ஆரணி, விழுப்புரம், திண்டிவனம், பண்ருட்டி, அரியலூர், பட்டுக்கோட்டை, திருக்குவளை, ராமநாதபுரம், காஞ்சிபுரம் என்று ஊர் ஊராக அவை வந்தன. ஊரைத் தேர்ந்தெடுத்ததில் சமூக நியாயம் உண்டு. பின்தங்கிய பகுதிக்கு அரசுக் கட்டணத்தில் பொறியியல் போயிற்று. படிப்பைத் தேர்ந்தெடுத்ததில்தான் யோசனை இல்லை. போன இடமெல்லாம் அதே சிவில், அதே இயந்திரவியல், அதே மின்னியல், மின்னணுவியல், கணினி. பட்டு நெசவுக்குப் பெயர்போன ஆரணியில் ஜவுளித் தொழில்நுட்பம் இல்லை, காஞ்சிபுரத்திலும் இல்லை, கிண்டியில் இருக்கிறது. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும். சுரங்கப் பொறியியல் கிண்டியில், செராமிக் பக்கத்து ஏ.சி. டெக்கில். பண்ருட்டியில் முந்திரியும் பலாவும் விளைகின்றன. உணவுத் தொழில்நுட்பமும் ஏ.சி. டெக்கில்தான். பெட்ரோகெமிக்கல், மருந்தியல் தொழில்நுட்பம் என்று சற்று வேறுபட்டு நடக்கிற திருச்சி வளாகத்தை இதில் விலக்காகச் சொல்லலாம். 2023 மே மாதம், சேர்க்கை குறைவு என்று சொல்லி உறுப்புக் கல்லூரிகள் பதினொன்றில் தமிழ்வழி சிவில், இயந்திரவியல் வகுப்புகளை நிறுத்துவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. எல்லா ஊரிலும் ஒரே கடையைத் திறந்தால், வியாபாரம் குறையும்போது எல்லா ஊரிலும் ஒன்றாகத்தான் குறையும்.

மாணவர்கள் கேட்பது கணினிதான், தோலையும் ஜவுளியையும் யார் எடுப்பார்கள் என்பது கடைசி மறுப்பு, இதுதான் வலுவானதும்கூட. கலந்தாய்வில் தோலும் செராமிக்கும் முதல் தேர்வாக இருப்பதில்லை என்பது ஊரறிந்தது. ஆனாலும் அந்த இடங்கள் நிரம்புகின்றன. கிண்டி என்ற பெயர் ஒரு காரணம். மதிலுக்கு அப்பால் ஆராய்ச்சி நிறுவனமும் அதற்கப்பால் ஆம்பூரின் வேலைவாய்ப்பும் இருப்பது இன்னொரு காரணம். குரோம்பேட்டையில் 1949-இல் விமானப் படிப்பு தொடங்கியபோது நாட்டில் எத்தனை விமானத் தொழிற்சாலை இருந்தது? தேவை முழுவதும் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் படிப்பைத் தொடங்குவோம் என்று ராஜம் நினைத்திருந்தால், அவர் மாளிகை விற்காமலே இருந்திருக்கும். ஒவ்வோர் உறுப்புக் கல்லூரியிலும் கணினியும் சிவிலும் இருக்கட்டும். அத்துடன் அந்த ஊரின் தொழிலைச் சேர்ந்த படிப்பு ஒன்றும் இருக்கட்டும். ஆரணியில் பட்டையும் ஜவுளியையும் பற்றிய ஒரு பி.டெக். வகுப்பைத் தொடங்கப் பல்கலைக்கழகத்தைப் பிரிக்கவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். பல்கலைக்கழகத்தின் கல்விக் குழுவும் சிண்டிகேட்டும் அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தின்போது இதை எடுத்துப் பேச வேண்டும். அதற்கான பாடமும் அனுபவமும் கிண்டியில் எண்பது ஆண்டுகளாக இருக்கின்றன.